சேர்வராயன் மலையில் ஒரு பழைய கணக்கு

சேலம் நகரிலிருந்து வடகிழக்கே நோக்குவோர்க்கு நீல மதில் ஒன்று வானத்தை மறித்து நிற்பதுபோல் தோன்றும். அதுவே சேர்வராயன் மலை. அடிவாரத்தைக் கடந்ததும் பாதை இருபது கொண்டை ஊசி வளைவுகளாகச் சுருண்டு ஏறுகிறது. கீழ் வளைவுகளில் மூங்கிலும் முட்புதரும் காய்ந்து கிடக்க, மேலே ஏற ஏறக் காற்றின் குணமே மாறுகிறது. பேருந்தின் சன்னல்களை ஒவ்வொருவராக இறக்கி மூடுகிறார்கள். குழந்தைகளின் தலையில் துண்டு ஏறுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு நம்மை வரவேற்கிறது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பர். உதகைக்குச் செல்லக் கையிருப்புப் போதாத குடும்பங்கள் இதனை ‘ஏழைகளின் ஊட்டி’ என்று அன்போடு அழைப்பதுண்டு. ஏரியில் படகு, கரையில் வேர்க்கடலை, மே மாதத்தில் கோடை விழா, மலர்க் கண்காட்சி, மாலையில் பனிமூட்டம். இவற்றைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நாம் மேலும் எழுத வேண்டுவதில்லை.

நாம் செல்ல விரும்பியது தலைச்சோலைக்கு. ஏரிக்கரையின் ஆரவாரத்தை விட்டு அகன்றால் சாலையின் இருமருங்கும் காப்பித் தோட்டங்கள் தொடங்கிவிடும். நெட்டையாய் வளர்ந்த சில்வர் ஓக் மரங்கள். அவற்றைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள். அவற்றின் நிழலில் இடுப்பளவு நறுக்கி விடப்பட்ட காப்பிச் செடிகள். கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தால் செடிகளெல்லாம் ஒரே நாளில் வெண்பூச் சூடி மணம் பரப்பும். இடையிடையே ஆரஞ்சும் பலாவும். தோட்டங்களின் வேலிகள் முடியும் இடங்களில், சரிவுகளில், மலையாளிகளின் ஊர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று தலைச்சோலை. அண்ணாமலையார் கோயிலால் அறியப்படும் ஊர். ஏற்காடு ஒன்றியத்தின் ஊராட்சிகளுள் ஒன்று. சோலை என்பது மலைமுகடுகளின் பசுங்காட்டுக்கு நம் முன்னோர் இட்ட பெயர். தலைச்சோலை என்று காதில் விழும்போதே, ஒரு காலத்தில் இங்கே என்ன இருந்தது என்பதை ஊர்ப்பெயரே சொல்லிவிடுகிறது. இன்று அந்தச் சோலையைத் தேடுவோர் காப்பியையே பெரும்பாலும் காண்பர்.

மலையாளிகள் என்றதும் வாசகர்கள் கேரளத்தாரை எண்ணிவிடக் கூடாது. இவர்கள் மலையை ஆளுகிறவர்கள், மலை ஆளி. தமிழே பேசுவோர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது இவர்களிடையே வழங்கும் வரலாறு. மூத்தவர் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர் என்றும், வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்தனர் என்றும் அந்தக் கதை தொடரும். இன்றைக்குத் தமிழ்நாட்டின் பழங்குடி மக்களில் தொகையால் மிகப் பெரிய பிரிவினர் இவர்களே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர்.

ஏற்காட்டைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகளைப் புரட்டினால், மலையை ஓர் ஆங்கிலேயர் ‘கண்டுபிடித்தார்’ என்ற வாக்கியம் ஏதேனும் ஒரு வடிவத்தில் கண்ணில் படும். 1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியாகச் சேலம் சீமை கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியைக் கொணர்ந்து பயிரிட்டார். ‘ஏற்காட்டின் தந்தை’ என்று அவரைப் புகழ்கிறார்கள். அவர் உழைப்பாளி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், தந்தை பிறப்பதற்குப் பல தலைமுறை முன்னரே பிள்ளைகள் அங்கே சாமையும் தினையும் விதைத்து, ஊர்க்கூட்டம் கூட்டி, சேர்வராயன் குகைக் கோயிலுக்குத் திருவிழா எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இந்தக் ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல் வெறும் மரியாதைச் சொல் அன்று. அதன் பின்னால் ஒரு சட்டமும் ஒரு நிலவரிக் கணக்கும் நிற்கின்றன. மலையின் வேளாண்மையை அறியாதவர்க்கு அது விளங்காது. ஆதலால் சற்று விரித்துரைப்போம்.

ஏர் ஓடக்கூடிய சமநிலத்தை இம்மலைகளில் உழவுக்காடு என்பர். சரிவில், கற்களுக்கிடையே, மண்வெட்டியால் கொத்தி விதைக்கும் நிலம் கொத்துக்காடு. கொத்துக்காட்டில் ஆண்டுதோறும் விளைவிக்க இயலாது. சில ஆண்டு விதைத்து அறுத்தபின் நிலத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும். செடிகொடி மண்டி, இலை உதிர்ந்து, மண் மீண்டும் கொழுக்கும் வரையில் வேறொரு சரிவுக்குப் போக வேண்டும். ஆறேழு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருவார்கள். சும்மா கிடக்கும் அந்த நிலம் யாருடையது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எழுதி வைத்தவர் எவருமில்லை. எழுத வேண்டிய தேவையும் எழவில்லை.

கும்பெனியின் கண்ணுக்கு அந்த நிலம் தரிசாகப் பட்டது. தரிசு என்றால் சர்க்காருடையது. சர்க்காருடையதை விண்ணப்பித்தவருக்குத் தரலாம். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் தோட்டக்காரர்கள். இவ்வாறு, ஓய்வெடுத்துக்கொண்டிருந்த கொத்துக்காடு பத்திரம் பெற்ற காப்பித் தோட்டமாயிற்று. ஒரே நாளில் அன்று; ஒரு சரிவு, பிறகு மறு சரிவு. திரும்பி வந்தவன் தன் பாட்டன் கொத்திய மண்ணில் வேலி கண்டான். அந்த வேலிக்குள்ளே செல்ல அவனுக்கு ஒரே வழிதான் இருந்தது: கூலிக்குக் காப்பிக்காய் பறிப்பது.

எஞ்சியதற்கு 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிக்குமுன் சர்க்கார் அறிவிப்பு வெளியிடும். உரிமை கோருவோர் குறித்த சில மாதக் கெடுவுக்குள் அதற்கான அதிகாரியிடம் தங்கள் உரிமையைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடில் உரிமை அற்றுப்போகும். சட்டத்தைப் படிப்பவர்க்கு இது நியாயமாகத் தோன்றக் கூடும். கெடு உண்டு, அதிகாரி உண்டு, முறையீடு உண்டு. ஆனால் எழுத்தறியா மலையூரில், அறிவிப்பை யார் படித்திருப்பார்? படித்தவர் எவரேனும் இருந்து சொல்லியிருந்தாலும், ‘உன் காடு உன்னுடையது என்பதற்கு என்ன சான்று?’ என்ற வினாவுக்கு அவர்களிடம் என்ன விடை? கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்தவர்க்குத் தாள் கிடைத்தது. அங்கேயே இருந்தவரிடம் தாள் கேட்கப்பட்டது. சேர்வராயன் மலையின் இருநூறாண்டு வரலாற்றில் நமக்கு முதன்மையாகத் தோன்றுவது இதுவே.

இன்று தோட்டங்களை வைத்திருப்போர் எல்லாரும் கள்வர் என்று நாம் கூறவில்லை. அவர்களுட் பலர் முறையாக விலை கொடுத்து வாங்கியவர்கள். கடன்பட்டு, காப்பி விலையின் ஏற்றத்தாழ்வில் நொந்து, நிலத்தைக் காத்து வருபவர்கள். அநீதியின் இயல்பே இப்படித்தான். செய்தவர் போய்விடுவார், பட்டவரும் போய்விடுவார், பத்திரம் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும்.

நிலத்தை அளந்த ஆட்சி மனிதரையும் அளந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னாட்டுச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். அளவுகோலோடு ஊர் ஊராகச் சென்று மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர். மூக்கின் அகலத்தைக் கொண்டு இனத்தைக் கணித்துவிடலாம் என்பது அந்நாளைய ஐரோப்பிய அறிஞர் பலரின் நம்பிக்கை. சேர்வராயன் மலையாளிகளும் அந்த அளவைக்குத் தப்பவில்லை. முடிவு என்ன? இவர்கள் தனி இனத்தவர் அல்லர், சமவெளியிலிருந்து மலையேறிய தமிழ் மக்களே என்று அவர் எழுதி வைத்தார். மூன்று சகோதரர் கதையைச் சொல்லும் எந்த மலையூர்க் கிழவியும் இதை அளவுகோல் இல்லாமலே அவருக்குச் சொல்லியிருப்பாள்.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். இரத்தத்தால் வேறுபாடு இல்லை, மொழியால் இல்லை, கும்பிடும் தெய்வங்களிலும் பெரிய பேதமில்லை. ஆயினும் மலையிலிருப்பவர் வேறு, கீழிருப்பவர் வேறு என்ற எண்ணம் இரு தரப்பிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இயற்கை வகுக்காத இந்தப் பிரிவினையை வகுத்தது எது? நிலத்தை இழந்ததும், பள்ளி எட்டாததும், கடன்காரனின் முன் கைகட்டி நின்றதும், வனக்காவலரைக் கண்டு ஒதுங்கியதும் தலைமுறை தலைமுறையாய்ப் படிந்து, ஒரு சாரார் மேல், ஒரு சாரார் கீழ் என்ற தோற்றத்தை உண்டாக்கிவிட்டன. பிறகு அந்தத் தோற்றமே இயற்கை போலப் பேசப்படுகிறது.

மலையேறும்போது நம் பேருந்தில் ஓர் உரையாடல் நிகழ்ந்தது. நமக்கு அடுத்த இருக்கையில் சேலத்து வணிகர் ஒருவர். நல்ல மனிதர், நமக்கு ஆரஞ்சு உரித்துத் தந்தவர். வெளியே மலையூர்ப் பிள்ளைகள் சிலர் பள்ளிப் பையோடு நடந்து போவதைக் கண்டு, “இவங்களுக்கென்ன குறைங்க? காலேஜ்ல தனி இடம், வேலையில தனி இடம், எலெக்சன்ல தனித் தொகுதி. பேருக்குப் பின்னால கவுண்டர்னும் போட்டுக்குவாங்க. நம்ம பிள்ளைங்கதான் தொண்ணூறு மார்க் வாங்கிட்டு நிக்குது” என்றார். முன் இருக்கையில் துணிப்பையை மடியில் வைத்திருந்த நடுவயது மலையாளி திரும்பவில்லை. சற்று நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல், “அந்தச் சாதிச் சான்றுக்கு நான் இந்த வருசம் மலை இறங்குறது இது நாலாவது தரங்க, அய்யா. இன்னும் வரல” என்றார். அதற்குப்பின் வளைவுகள் முடியும்வரை எவரும் பேசவில்லை.

வணிகர் கூறியவற்றில் பொய் ஒன்றுமில்லை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதுதான். 234 தொகுதிகளில் அவ்வாறு ஒதுக்கப்பட்டவை இதுவும் சேந்தமங்கலமும் ஆக இரண்டே. கல்வியிலும் வேலையிலும் தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு 1990 முதல் தனி ஒதுக்கீடு உண்டு: நூற்றுக்கு ஒன்று. அந்த ஒன்றால்தான் தம் மகனின் இடம் போயிற்று என்று எத்தனை வீடுகளில் பேசப்படுகிறது! 2011இல் தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு எண்பது பேர். பழங்குடியினரில் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு பேர். இந்த இரண்டாவது கணக்கு வணிகர் காதுக்கு எட்டியிருக்காது. அவர் கெட்டவர் என்பதால் அன்று. கணக்கை நடுவிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறார், அவ்வளவே. நேற்று கொடுத்தது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு முன்னே எடுத்தது எந்தப் பாடநூலிலும் அவருக்குக் கற்பிக்கப்படவில்லை.

கவுண்டர் என்ற பட்டம் பற்றிய குத்தலும் பழையதே. மலையூர்களின் பெரியோர் நெடுங்காலமாக அதைச் சூடி வருகிறார்கள். கொங்கு நாட்டின் நிலவுடைமைச் சமூகத்தார்க்கும் அதே பட்டம். பெயர் ஒன்றாதலால் ஐயம் எழுகிறது; ஐயம் எழுவதால் விசாரணை நீள்கிறது. பழங்குடியினர் சான்றிதழை வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடம் இல்லை; வருவாய்க் கோட்டாட்சியரிடம் உள்ளது. அதனால்தான் மலை இறங்க வேண்டியிருக்கிறது. பழங்குடியினர் அல்லாதார் சிலர் பொய்ச் சான்றிதழ் பெற்று வேலையில் அமர்ந்ததும் உண்மையே. அந்தச் சூதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 1994இல் சரிபார்ப்புக் குழுக்களுக்கு வழிவகுத்தது. தேவையான ஏற்பாடுதான். ஆனால் பொய்யன் ஒருவன் செய்த சூதுக்கு அபராதம் கட்டுகிறவன் யார்? பாட்டனின் பெயரைத் தாளில் காட்ட இயலாத உண்மையான மலையாளி.

தாள் செய்யும் விந்தைக்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மலையாளிகளைப் பழங்குடியினராகப் பட்டியலிடும்போது மாவட்டங்களைப் பெயர் சுட்டிக் கூறியது: தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி. பர்கூர் மலை அந்நாளில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1979இல் பிரிந்த ஈரோடு மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. இரண்டும் பட்டியலில் இல்லை. ஆகவே பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள், அதே பெயர், அதே வழக்கம், அதே வறுமை உடையவராயிருந்தும், அந்தப் பட்டியலின்படி பழங்குடியினர் அல்லர். மாவட்ட எல்லைக்கு இப்பால் பிறந்த குழந்தை பழங்குடி; அப்பால் பிறந்தது அன்று. அவர்கள் பல்லாண்டாக முறையிட்டு வருகிறார்கள். தர்ஸ்டன் மூக்கை அளந்தார். பின்வந்தோர் வரைபடத்தை அளந்தனர்.

இவையெல்லாம் தாளில் நடப்பவை. ஒரு மக்களைத் தாழ்வாக எண்ணப் பழகிய கை, தாளோடு நின்றுவிடுவதில்லை. நம் சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடியில் வாச்சாத்தி என்ற மலையாளி ஊர். 1992ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் காவலரும் வருவாய்த் துறையினரும் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன; மக்கள் அடித்து நொறுக்கப்பட்டனர்; பெண்கள் பதினெண்மர் கற்பழிக்கப்பட்டனர். அவர்களுள் பள்ளிச் சிறுமியும் இருந்தாள். ஊரையே கள்வர் கூட்டமென்று சொல்லி வழக்கை மூட முயன்றார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரிச் சிறப்பு நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, அப்பெண்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! அன்று கைக்குழந்தையாயிருந்தவர் தம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வயது. மலையூர்களில் காக்கிச் சட்டையைக் கண்டால் பெண்கள் கதவை அடைப்பதைக் ‘காட்டுவாசிக் கூச்சம்’ என்று எழுதுவோர் இந்த ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

இனி, நாட்டின் பாராளுமன்றமே இதைப்பற்றி என்ன சொன்னது என்று பார்ப்போம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே, குடியேற்ற ஆட்சியிலும் விடுதலை பெற்ற இந்தியாவிலும் காடுகள் அரசுடைமையாக்கப்பட்டபோது காட்டில் வாழ்ந்த பழங்குடியினரின் உரிமைகள் போதிய அளவு ஏற்கப்படவில்லை என்றும், அதனால் அவர்களுக்கு வரலாற்று அநீதி நேர்ந்தது என்றும் ஒப்புக்கொள்கிறது. ஒரு நாட்டின் சட்டம் தன் தவற்றைத் தானே எழுதி வைப்பது அரிது. அச்சட்டம் ஒரு குடும்பத்துக்கு நான்கு எக்டர் வரையில் உரிமை அளிக்கிறது. கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. எல்லாவற்றிலும் நம்மைக் கவர்ந்தது வேறொன்று: சான்றுகளின் வரிசையில், ஊர் மூத்தோரின் வாய்மொழியை எழுதிச் சமர்ப்பிக்கலாம் என்று அதன் விதிகள் கூறுகின்றன. 1882இல் எந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமற் போனதோ, அந்தச் சொல்லையே கேட்க ஒரு செவி திறந்தது.

திறந்த செவி தமிழ்நாட்டில் உடனே மூடிக்கொண்டது. 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டயங்களை வழங்குவது தடைப்பட்டு நின்றது. உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரியில் அதை நீக்கும் வரையில் எட்டாண்டுகள் கழிந்தன. இதற்கிடையே வாய்மொழி கூற வேண்டிய மூத்தோர் எத்தனை பேர் மண்ணுக்குள் போயினரோ! மேலும், மலைவாழ் மக்களின் நிலத்துக்கு அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை தரும் காப்பு தமிழ்நாட்டில் எந்த மலைக்கும் இல்லை. பத்து மாநிலங்களில் அட்டவணைப் பகுதிகள் உண்டு. நம் மாநிலம் அவற்றுள் ஒன்றன்று.

கண்டுபிடிப்பு என்ற சொல்லுக்குத் திரும்புவோம். அச்சொல் நம் திருச்சபையையும் தொடுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில், 1455லும் 1493லும், திருத்தந்தையர் விடுத்த ஆணை மடல்களைக் காட்டியே போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் தாம் ‘கண்டுபிடித்த’ நாடுகளைத் தமதென்றனர். 1537இல் மூன்றாம் சின்னப்பர், அம்மக்களின் விடுதலையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று எழுதியும் பறிப்பு நிற்கவில்லை. காக்பர்ன் காப்பி நட்ட அதே பத்தாண்டில், 1823இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கண்டுபிடிப்புக் கொள்கையைக் கொண்டே, செவ்விந்தியர்க்குக் குடியிருப்பு உரிமையேயன்றி நிலத்தின் முழு உடைமை இல்லை என்று தீர்ப்பளித்தது. 2022 சூலை 25 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவின் மாஸ்குவாசிஸ் என்னும் ஊருக்குச் சென்று, உறைவிடப் பள்ளிகளில் பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவர்கள் இழைத்த தீங்குக்காக அம்மக்களின் முன் மன்னிப்புக் கேட்டார். 2023 மார்ச் 30 அன்று வத்திக்கான் கண்டுபிடிப்புக் கொள்கையை வெளிப்படையாகத் தள்ளியது.

தொலைநாட்டு மன்னிப்பைப் படித்து நாம் கண்கலங்குவது எளிது. ஏற்காட்டில் நம் துறவற சபைகள் நடத்தும் பள்ளிகள் நாடெங்கும் பெயர் பெற்றவை. காபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917இல் நிறுவிய மான்போர்ட் பள்ளியின் புகழைக் கேளாதார் இல்லை. தொலைவூர்ச் செல்வர்களின் பிள்ளைகள் பயிலும் அத்தகைய வகுப்பறைகளில், மதிலுக்கு வெளியே தெரியும் மலையூர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்று கேட்பது பொல்லாப்பாகாது என்று எண்ணுகிறோம். அவர்களுட் பலருக்கு அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியே கதி.

இன்னும் கிட்ட வருவோம். மேட்டு நிலத்துக் காப்பித் தோட்டங்களிலும் கீழ்நாட்டு வயல்களிலும் கூலி செய்வோரில் தலித் கத்தோலிக்கர் உண்டு. மலையாளி ஒருவர் கிறிஸ்தவரானாலும் சட்டப்படி பழங்குடியினரே. தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் என்ற உரிமையை இழக்கிறார். அந்த ஆணை 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் தளர்த்தப்பட்டது, கிறிஸ்தவர்க்குத் தளரவில்லை. இதனை எதிர்த்து நாம் ஊர்வலம் போகிறோம்; போக வேண்டியதுதான். ஆனால் நடுவே சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டுப் பங்குகளில் இருந்ததை எந்தக் குடியரசுத் தலைவர் ஆணையிட்டார்? திருச்சபைக்குள்ளே தீண்டாமை உண்டென்பதை இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ‘அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் பார்க்கிறார்கள்?’ என்று சொல்பவர், பெரும்பாலும், பார்க்கப்படாத இடத்தில் இருப்பவராகவே இருக்கக் காண்கிறோம். பேருந்தில் வணிகர் பேசியதும் நம் பங்கின் கோவில் முற்றத்தில் சிலர் பேசுவதும் ஒரே குரல்தான்.

தலைச்சோலையில் மாலை விரைந்து இறங்குகிறது. வைகாசியில் சேர்வராயன் குகைக் கோயிலில் திருவிழா. மலையாளிகள் குடும்பம் குடும்பமாய்ப் போவார்கள். கீழே ஏரிக்கரையில் கோடை விழாவுக்கு வந்த கூட்டமும் அந்த நாள்களில்தான். பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்கும் அதுவே பருவம். ஆகையால், விழாவுக்கு மலையேறும் பேருந்துகளுக்கு எதிரே காலையில் இறங்கிப்போகும் பேருந்தில் சில தகப்பன்மார் அமர்ந்திருப்பார்கள். மடியில் ஒரு நெகிழிப் பை. அதற்குள் மகளின் மதிப்பெண் பட்டியல், குடும்ப அட்டையின் நகல், பாட்டன் பெயர் பாதி அழிந்த ஒரு பழைய தீர்வை இரசீது.